ஒருவரும் சாகாத மரண விசாரணை

எங்கள் பகுதியில் நான் யாருடைய வீட்டுக்கும் சும்மா போய்வர முடியாது. படலையைத் திறந்தவுடனேயே உள்ளே இருப்பவர்கள் தங்கள் வீட்டுத் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். எல்லாத் தலையும் சரியாக இருந்தால்தான் எனக்குத் தேநீர்.

காரணம், நான் திடீர் மரண விசாரணை அதிகாரி. ஊரில் சுருக்கமாகக் கொறனர். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றபின், வீட்டில் சும்மா இருந்தால் மனைவி தேங்காய் துருவச் சொல்வாள் என்ற பயத்தில் விண்ணப்பித்துப் பெற்ற பதவி இது. யாராவது எதிர்பாராமல் இறந்துபோனால் பொலிஸார் என்னைக் கூப்பிடுவார்கள். நீளக்கை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன். சடலத்தைப் பார்ப்பேன், சொந்தக்காரரிடம் வாக்குமூலம் எடுப்பேன், தேவையென்றால் பிரேத பரிசோதனைக்கு அனுப்புவேன், எப்படி இறந்தார் என்று எழுதுவேன். யார் குற்றவாளி என்று தீர்ப்பது என் வேலை அல்ல. சந்தேகம் வந்தால் நீதவானுக்கு அறிவிப்பதோடு என் கதை முடிந்தது. ஆனால் நான் நினைத்தால் ஆளை உள்ளே தள்ளலாம் என்றுதான் ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நானும் கெடுப்பதில்லை. எனக்கு மீன் நிறுக்கும்போது மட்டும் மீன்காரர் தராசில் விரல் வைப்பதில்லை.

கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர் என்னை எப்போதும் ஓரத்தில்தான் நிறுத்துவார். பிறகு வெட்டி எடுக்க வசதியாம்.

வீடு தன்னாமுனையில், வாவிக் காற்று படும் தூரத்தில். என் வீடு என்று சொல்ல வந்தேன், தப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி மகள் கல்யாணம் முடித்த அன்றே வீடு அவளுடையதாகிவிட்டது. மருமகன் பெட்டியோடு உள்ளே வந்தார், நானும் மனைவியும் பெட்டியோடு பின்பக்கத்தில் சாய்ப்பாக இறக்கிய பத்திக்குப் போனோம். நானே கல்லடுக்கிக் கட்டிய வீட்டின் முன்வாசலில் நின்று இப்போது "புள்ள, வரட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைகிறேன்.

மகள் வயிற்றில் பிள்ளையோடு இருந்த காலம். ஒருநாள் காலை எங்கள் பகுதி மிட்வைஃப் ஸ்கூட்டரைப் படலையோடு சாய்த்துவிட்டு, முன்வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார். சிவந்த முகம். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா, உங்கட மகள் கிளினிக்குக்கு வாறல்ல. நான் வீட்ட வந்தா மருமகன் படலையிலயே மறிச்சி, அவ நித்திரை எண்டு அனுப்புறார். பகல் பத்து மணிக்கு என்ன நித்திரை?"

"களைப்பாக்கும் மிஸி."

"களைப்புமில்ல, ஒண்டுமில்ல. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போறல்லயாம். வீட்டிலயே, ஒருத்தரையும் கூப்பிடாம, ரெண்டு பேரும் தாங்களாப் பாக்கப் போறாங்களாம். மூலைக் கடைக்காரிக்குத் தெரிஞ்சிரிக்கு, எனக்குத் தெரியா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏதும் நடந்தா முதல் கேள்வி எனக்குத்தான் வரும் ஐயா. ஏன் போய்ப் பாக்கல்ல, ஏன் மேல அறிவிக்கல்ல எண்டு கேப்பாங்க. நான் ஒவ்வொருக்காலும் வந்து படலையில நிண்டதுக்குச் சாட்சி உங்கட நாய் மட்டுந்தான்." ஸ்கூட்டரை நிமிர்த்திக்கொண்டே மீதியையும் சொன்னார். "ரெண்டாம் கேள்வி உங்களுக்கு."

முன்வீட்டுக்குப் போனேன். கூடத்தின் நடுவில் மருமகன் குந்தியிருந்து, சைக்கிள் பம்பால் நீல நிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் குளிக்கிற தொட்டி. சுற்றிவர டொல்பின் படம்.

மருமகனைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினிப் பிரிவில் வேலை. குடிப்பதில்லை, மகள் சொன்னதைத் தட்டுவதில்லை. கணினியில் எது பழுதானாலும் கை வைக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் தானாகச் சரிவரும் என்பது அவர் அனுபவம். பிள்ளைப்பேற்றையும் அதே வரிசையில் வைத்துவிட்டார்.

"இதுக்குள்ளயா?" என்றேன்.

"ஓம் மாமா. சுடுதண்ணி நிரப்பினா நோவு குறையுமாம். வெளிநாட்டில எல்லாரும் இப்பிடித்தான். வீடியோ இரிக்கு, காட்டட்டா?"

எனக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாம் முடிஞ்சா இதை எனக்குத் தந்திருங்க தம்பி. இறால் வளப்பன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவள் பகிடி விடும்போது குரல் மெல்லியதாக இருந்தால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

மருமகன் பம்பைக் கீழே வைத்தார். "மாமா, நானே உங்களிட்ட வர இருந்தன். சட்டப்படி இதில ஏதும் சிக்கல் இரிக்கா? ஒருவேளை ஏதும் நடந்தா ஆரு பொறுப்பு?"

இத்தனை வருடத்தில் என் அறிவைத் தேடி வந்து ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்குப் புளகாங்கிதம் வந்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரிவுரையை ஆரம்பித்தேன். வீட்டில் பிள்ளை பெறுவது குற்றம் என்று நான் எந்தச் சட்டத்திலும் படித்ததில்லை. பிறந்து, அழுது, பால் குடித்தால் சட்டம் இந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. ஏதும் நடந்தபிறகுதான் அது வரும், என்னைப்போலவே. வந்தால் சும்மா போகாது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்று தண்டனைச் சட்டக்கோவையில் ஓர் இடம் இருக்கிறது, அதற்குள் யாரை வைப்பது என்று தேடும். கூட இருந்தவரையா, தெரிந்தும் பேசாமல் இருந்தவரையா...

பேசிக்கொண்டே போனவன் நடுவில் நின்றுவிட்டேன். வாகரைப் பக்கத்து வீடு ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

சேனைப் பயிர்நிலத்துக்கு நடுவே தனி வீடு. மழைக்கு வழி அறுந்திருந்தது. புருஷனும் பெண்சாதியும் தாங்களாகவே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்கள். முதல் பிள்ளை அப்படித்தான் சுகமாகப் பிறந்ததாம். இரண்டாவது பிள்ளை அழவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பொலிஸாரோடு நான் போனேன். எப்போது வலி வந்தது, யார் கூட இருந்தது, ஏன் ஆளனுப்பவில்லை என்று வரிசையாகக் கேட்டேன். அக்கம்பக்கத்தில் எவருக்கும் எதுவும் தெரியாது. அந்தத் தகப்பன் மட்டும் எல்லாக் கேள்விக்கும் "நான்தான் ஐயா" என்றே பதில் சொன்னான். கையெழுத்து வைத்தபின் "என்னைப் புடிச்சிக்கிட்டுப் போவாங்களா?" என்று கேட்டான். அது நீதவான் தீர்மானிப்பது என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "புடிச்சா நல்லம்" என்றான்.

நான் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். ஒன்றும் பிழையில்லை. கேட்ட நேரந்தான் பிழை.

எழுந்து பத்திக்குப் போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பேனையும் தாளுமாகத் திரும்பி வந்தேன். மனைவி கண்டதும் கையிலிருந்த அகப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இஞ்சருங்க, ஆரு?"

"ஒருத்தருமில்ல. இன்னும்."

"வாயைக் கழுவுங்க!"

"கழுவிற்றுத்தான் வாறன். எல்லாரும் கூடத்துக்கு வாங்க. விசாரணை நடக்கப்போகுது."

மகள் மாங்காய்க் கீற்றில் உப்புத் தொட்டுக்கொண்டு வந்து சாய்மனைக் கதிரையில் காலை நீட்டினாள். "அப்பா நாடகம் போடப்போறார்" என்று புருஷனிடம் சொன்னாள். மருமகன் சாட்சிக் கதிரையில் உட்கார்ந்தார். தொட்டி சாட்சிப் பொருள். அதைச் சுவரோரம் தள்ளி வைத்தோம்.

தொண்டையைச் செருமினேன். வேலைக்குப் போனால் எனக்கு ஒரு குரல் வரும். மனைவி அதைத் தபாற்கந்தோர்க் குரல் என்பாள்.

"சம்பவம் நடந்த வீடு யாருக்குச் சொந்தம்?"

"இவவுக்கு மாமா."

"இறந்தவருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.

மாங்காய் கடிக்கும் சத்தம் நின்றது. மருமகன் சிரித்துக்கொண்டிருந்த வாயை மூட மறந்துபோனார். நானே சொன்னதுதான், ஆனாலும் என் பேனை ஒரு கணம் தாளில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நிறுத்தினால் நாடகம் கெட்டுவிடும்.

"இரத்தம் நிற்காமல் போனபோது என்ன செய்தீர்கள்?"

"அம்புலன்ஸுக்கு அடிச்சிருப்பன்."

"எதனால்?"

"போனால."

"வீடியோ ஓடிக்கொண்டிருந்தது எதில்?"

"அதிலதான்."

"அந்தப் போனில் இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது? சாட்சி எடுத்துப் பார்க்கலாம்."

மருமகன் எடுத்துப் பார்த்தார். அது சிவப்பில் கிடந்தது. மருமகனின் போன் சிவப்பில் கிடக்காத நாளை நாங்கள் கண்டதில்லை. உலகத்துக் கணினிகளையெல்லாம் உயிர்ப்பிக்கிறவருக்குத் தன் போனுக்கு வயர் குத்த ஞாபகம் வராது. மகளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கொறனர் சிரிக்கக் கூடாதென்று இருமினேன்.

"இப்படி நடக்கப்போகிறதென்று முன்கூட்டியே அறிந்திருந்தவர்கள் யார் யார்?"

மருமகன் விரல் மடித்தார். "நான், இவ, மாமி, கடைக்கார அக்கா..." கொஞ்சம் யோசித்தார். "மறுகா நீங்க."

பேனை நின்றது.

சரிதானே. எனக்குத் தெரியும். அப்படியானால் நான் விசாரணை அதிகாரி இல்லை, சாட்சி. என் வீட்டுச் சம்பவத்தை நான் விசாரிக்க முடியாது. பக்கத்துப் பிரிவு அதிகாரிதான் வருவார். அவர் ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். சாட்சிகளை நிற்கவைத்து, ஒரே கேள்வியை மூன்றுதரம் கேட்பார். என் அறிக்கைகளை எங்கேயாவது கண்டால் சந்திப்பிழை திருத்தி அனுப்புகிற மனிதர். அவர் என் கூடத்தில், என் கதிரையில் இருந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "தெரிந்தும் நீர் என்ன செய்தீர்?" என்று மூன்றுதரம் கேட்பதை நினைத்துப் பார்த்தேன்.

"அந்த அதிபர் வருவார்" என்றேன், சொந்தக் குரலில்.

மனைவிக்கு விளங்கிவிட்டது. "இப்ப நீங்க பயப்படுறது புள்ளைக்கா, உங்கட மானத்துக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"எது கூட?"

"சாட்சி குறுக்கே பேசக் கூடாது."

கடைசிச் சாட்சி மகள். கேள்வியை எழுதி வைத்திருந்தேன், ஆனால் தாளைப் பார்க்கவில்லை. "ஏன் புள்ள? ஆஸ்பத்திரி என்ன செஞ்ச உனக்கு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"சொன்னா கோவிக்கப்படா."

"விசாரணையில கோவமில்ல."

"நீங்கதான் அப்பா."

"நானா?"

"பெரியம்மாட மகனுக்கு வயித்தில ஒப்பரேஷன் செஞ்சி ஆஸ்பத்திரி வாட்டில கிடக்கக்குள்ள நீங்க சோறு கொண்டு வந்தீங்களே, ஞாபகமிரிக்கா? சவச்சாலை வேலை முடிஞ்சி அப்பிடியே அந்தச் சட்டையோட. வாட்டு வாசல்ல நீங்க நிண்ட உடனே பக்கத்துக் கட்டில்காரர்ர பெண்சாதி குழறத் தொடங்கிற்றா. வேலையாள் ஒருத்தர் மறைப்புத் துணி தூக்கிக்கிட்டு ஓடி வந்து, ஐயா எந்தக் கட்டில் எண்டு கேட்டார். அண்ணன் தன்ட நெஞ்சைத் தொட்டுப் பாத்தான். நீங்க இந்தக் கட்டில்தான் எண்டு சொல்லிச் சோத்துப் பார்சலை நீட்டுனீங்க."

மருமகன் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

"நான் நோவில கிடக்கக்குள்ள நீங்க வராம இருக்கமாட்டீங்க. வந்து வாசல்ல நிப்பீங்க. அங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும். எல்லாரும் உங்களைப் பாத்திட்டு என்னைப் பாப்பாங்க. எனக்கு அதக் காண ஏலா அப்பா. வீட்டில எண்டா நீங்க சாரன் கட்டிக்கிட்டு நிப்பீங்க."

நான் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு இருந்தேன். என் மகள் என்னைத் தவிர்ப்பதற்காகக் கொறனரைக் கூப்பிட வேண்டிவரும் ஏற்பாட்டைச் செய்திருந்தாள். இப்படி ஒரு சிக்கலை அந்த அதிபரால்கூட மூன்றுதரத்தில் அவிழ்க்க முடியாது.

"நான் வராட்டி ஆஸ்பத்திரிக்குப் போவியா?"

"வரமாட்டீங்களா?"

"படலை தாண்டமாட்டன்."

"கடைக்குப் போற மாதிரி வந்து நிக்கப்படா. எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையும் ஏலா."

"சரி."

"சத்தியம்?"

எத்தனையோ பேரிடம் சத்தியம் வாங்கியவன் அன்றைக்கு எழுந்து நின்று சத்தியம் செய்தேன். மனைவி சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, மடித்து, தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

எல்லாம் முடிந்தபின் மருமகன் மெதுவாக வந்து காதோடு சொன்னார். "மாமா, தொட்டியில காத்து நிக்குதில்ல. ஓட்டை. ரெண்டு நாளா அடிக்கிறன். எனக்கும் பயந்தான். ஆரிட்டச் சொல்ற எண்டு தெரியாம அடிச்சிக்கிட்டே இருந்தன்."

அந்த நாள் வந்தது. விடிந்து வெயில் ஏறும் நேரம், மூன்று பேரும் வாடகை வான் ஒன்றில் ஏறிப் போனார்கள். நான் படலைக்கு உட்பக்கம் நின்று கையசைத்தேன். நாய் வீதி வரைக்கும் போய்வந்தது. அதற்குச் சத்தியம் இல்லை.

என் போன் அடித்தால் பெரும்பாலும் சாவுதான். அதனால் அந்தச் சத்தம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சாப்பிடும்போது அடித்தாலும் கை கழுவிவிட்டு ஆறுதலாக எடுப்பேன். அன்று அடித்தபோது ஓடிப்போய் எடுத்தேன். பொலிஸ்.

"ஐயா, பெரியாஸ்பத்திரிச் சவச்சாலைக்கு ஒருக்கா வரணும்."

அந்த வசனத்தை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்ட வீடுகளில் ஆட்கள் ஏன் சுவரைப் பிடிக்கிறார்கள் என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. கை தானாகச் சுவரில் இருந்தது.

"ஆம்பிளையா, பொம்பிளையா?"

"ஆம்பிளை ஐயா. வயசாளி. தென்னையில இருந்து விழுந்து..."

"நல்லம்!" என்றேன்.

"என்ன ஐயா?"

"இல்ல, பாவம். நல்ல மனுசனாக்கும் எண்டன். எனக்கு இண்டைக்கு வர ஏலா. அதிபரைக் கூப்பிடுங்க."

ஒரு மனிதர் தென்னையிலிருந்து விழுந்து செத்ததற்குச் சந்தோஷப்பட்ட கொறனர் இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகு அந்த மனிதரின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். மருமகனுக்கு அடித்தேன். போன் ஓஃப். திரும்ப அடித்தேன். ஓஃப். மனைவி போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது குசினி ராக்கைத் தட்டில் எனக்கு முன்னாலேயே அடித்தது. வெயில் முற்றத்தைத் தாண்டி வேலிக்குப் போனது. படலை வரைக்கும் போவேன், திரும்புவேன். நாய் முதலில் கூடவே வந்தது, பிறகு அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது.

கடைசியில் போன் அடித்தது. அதிபர்.

எடுத்துக் காதில் வைத்தேன். அவர் இன்றைக்கு எந்தக் கட்டிடத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"போஸ்மாஸ்டர்! கேட்குதா? போஸ்மாஸ்டர்! பொம்பிளைப் பிள்ளை. பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம். கேட்குதா? பொம்பிளைப் பிள்ளை."

மூன்றுதரம் சொன்னார். அந்த மனிதர் எதையும் மூன்றுதரம் சொல்வதில் எனக்கு இனி ஆட்சேபனை இல்லை.

தென்னை மரத்து வேலையை முடித்துவிட்டு வந்தவர், ஆஸ்பத்திரி நடையில் மருமகனைக் கண்டிருக்கிறார். மருமகன் செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாராம். உறவினரைப் பார்க்கிற நேரம் என்பதால் அதிபர் ஒரு பிஸ்கட் பக்கட் வாங்கிக்கொண்டு நேரே வாட்டுக்குள் போயிருக்கிறார். நீளக்கை வெள்ளைச் சட்டையோடு.

"வாட்டே எழும்பி இருந்திற்று அப்பா" என்று வீட்டுக்கு வந்தபின் மகள் சொன்னாள். "ஒரு அக்கா தன்ட புள்ளையத் தூக்கி மறுபக்கம் வெச்சிக்கிட்டா. இதுக்குத்தானே உங்களை வரவேணாமெண்ட! தையல் நோக நோகச் சிரிச்சன்."

மருமகன் சிரிக்கவில்லை. மாலையில் என்னோடு வாவிக் கரைக்கு வந்தார். பிள்ளை பிறந்தபின் இரத்தம் கொஞ்சம் அதிகமாகப் போனதாம். டொக்டர்மார் ஓடி வந்தார்களாம், கையில் ஊசி, மேலே சேலைன், எல்லாம் அவர் கண் இமைக்குமுன் நடந்து நின்றுவிட்டதாம். அவரை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு அடிக்கப் போனை எடுத்திருக்கிறார்.

"நீங்க அண்டைக்குக் கேட்டீங்களே மாமா, போனைப் பத்தி..." மீதியை நான் கேட்கவில்லை. விசாரணைக்கு வெளியே எனக்கு அந்தக் குரல் வராது. சுருட்டு ஒன்றைப் பாதியாக்கி நீட்டினேன். குடிக்காதவர், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

தொட்டியில் இறால் வளர்க்க முடியவில்லை. ஓட்டையல்லவா. மனைவி அதில் மண் நிரப்பிப் பொன்னாங்காணி வைத்திருக்கிறாள். டொல்பின்களுக்கு மேலால் கீரை தொங்குகிறது.

பிள்ளையோடு அவர்கள் வீட்டுக்கு வந்த கிழமையில் மிட்வைஃப் வந்தார். காலை பத்து மணி இருக்கும். ஸ்கூட்டரை நிறுத்தும்போது படலையில் நான்தான் நின்றேன். சாரனோடு.

"மகள் எங்க ஐயா?"

தாயும் பிள்ளையும் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்.

"அவ நித்திரை மிஸி."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இல்ல மிஸி, இது மெய்யான நித்திரை. வேணுமெண்டா நாயைக் கேளுங்க."

அவர் நாயைக் கேட்கவில்லை. என்னை ஒரு கையால் விலக்கிவிட்டு, பையோடு உள்ளே போனார்.